கை நின்ற இடம்

கனகா போட்ட மாட்டுக்குக் காது கொம்புக்கு மேலே முளைத்திருந்தது. தொந்தரவு அங்கேதான் ஆரம்பித்தது.

விருத்தாசலத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தாண்டை இருந்த ஒரு பீங்கான் கம்பெனியில் அவள் கப்புகளுக்கும் தட்டுகளுக்கும் படம் எழுதிக்கொண்டிருந்தாள். ரோஜாக்கொடி, மயில், ஜோடிக்கிளி என்று எதுவானாலும் மாதிரித் தாளைப் பக்கத்தில் வைத்தால் போதும். ஓர் இலை கூடாமல் குறையாமல் அப்படியே இறக்கிவிடுவாள். சூளையிலிருந்து வந்த கப்புகளை வரிசையாக வைத்தால் எது முதலில் எழுதியது, எது கடைசியில் எழுதியது என்று அவளுக்கே தெரியாது. அந்தக் கைக்குக் கம்பெனியில் நல்ல பேர் இருந்தது. அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான்.

எழுபத்தொன்றாம் வருஷம் தை கழிந்ததும், கடலூரில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஓட்டலிலிருந்து ஆர்டர் வந்தது. சாப்பாட்டுக்கூடத்துச் சுவர் முழுக்கப் பதிக்க டைல்ஸ் வேண்டும். அதில் நம் பக்கத்து ஊர்க்காட்சிகள் இருக்க வேண்டும். காலண்டரில் பார்த்த மாதிரியே இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

படப் பிரிவு சூப்பர்வைசர் ராஜாங்கம் ஒரு வெற்று டைலைக் கொண்டுவந்து கனகாவின் முன்னால் வைத்தார்.

"மாதிரி ஒன்னும் கெடையாது. மனசுல இருந்து போடு. முதல்ல ஒரு வண்டிமாடு."

கனகாவுக்குச் சிரிப்பு வந்தது. மாட்டுக்கு மாதிரி எதற்கு? பிறந்த வீட்டிலும் மாடு, புகுந்த வீட்டிலும் மாடு. காலையில் சாணி அள்ளிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள். தூரிகையைத் தொட்டு விறுவிறு என்று இழுத்தாள். ராஜாங்கம் பின்னால் வந்து நின்றார். தலையைச் சாய்த்து டைலைப் பார்த்தார்.

"இது என்னாம்மா?"

"மாடு சார்."

"மொயலுன்னு நெனச்சேன். காது கொம்புக்கு மேல நட்டுக்கிட்டு நிக்கிது."

கனகா குனிந்து பார்த்தாள். ஏதோ தப்பு என்று தெரிந்தது. எது சரி என்று தெரியவில்லை.

"அப்ப எங்க சார் இருக்கும்?"

ராஜாங்கம் வாயைத் திறந்தார். பிறகு பக்கத்தில் கப்புக்குக் கரை போட்டுக்கொண்டிருந்த திரௌபதியிடம் திரும்பி, மாட்டுக்குக் காது எங்கே என்று கேட்டார். கொம்புக்கு முன்னால் என்றாள் அவள். அடுத்து உட்கார்ந்திருந்தவர் இல்லை, பக்கவாட்டில் என்றார். ரெண்டும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பும் என்று சூளைப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. அத்தனை பேரும் மாட்டோடு வளர்ந்தவர்கள். ராஜாங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. களிமண் மூட்டை ஏற்றிவந்த வண்டி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தது. விடுவிடுவென்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"கீழ. கொம்புக்குக் கீழ, பின்னாடி" என்றார், அதுவும் கனகாவின் குற்றம் என்பதுபோல. "பின்னங்காலையும் பாரு. மனுசன் முட்டி போட்டா மாதிரி முன்பக்கமா மடக்கி வச்சிருக்க. இவ்வளவு நாளா என்னாத்தம்மா பாத்துக்கிட்டு இருந்த?"

அன்று சாயங்காலம் பெண்ணாடம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து கனகா தன்மேலேயே எரிந்துகொண்டிருந்தாள். கண்ணை மூடிப் பார்த்தாள். மாடு வந்தது. ஆனால் கிட்டே போய்ப் பார்க்கலாம் என்றால், கண்ணில் நின்றது மாடு அல்ல, மாடு என்கிற ஏதோ ஒரு பழுப்பு மூட்டை. ஆடு, கோழி, சைக்கிள், புளியமரம், எல்லாமே அப்படித்தான். பேர் சொன்னால் வருகின்றன. காது எங்கே, கால் எங்கே என்றால் ஓடிவிடுகின்றன. இத்தனை வருஷம் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்தோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் விடிந்ததும் சாணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு மாட்டின் முன்னால் போய் நின்றாள். காதைப் பார்த்தாள். கொம்பைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கொட்டகையின் வெள்ளைச் சுவரில் அடுப்புக்கரியால் இழுத்தாள். நெற்றி வந்தது, கொம்பு வந்தது, காது சரியான இடத்துக்கு வந்தது. கழுத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. தாடைக்குக் கீழே தொங்குகிற சதை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது? மறுபடி திரும்பிப் பார்த்தாள். மாடு அதற்குள் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

இப்படியே அவளுக்கு ஒரு வழக்கம் உண்டாயிற்று. பார்ப்பது, முதுகைத் திருப்பிக்கொண்டு போடுவது, கை நிற்கிற இடத்தில் மறுபடி பார்ப்பது. கை நின்ற இடம்தான் இதுவரை பார்க்காத இடம் என்று போகப்போகப் புரிந்தது. அது புரிந்ததால் எரிச்சல் குறையவில்லை. எல்லா இடத்திலும் அல்லவா கை நின்றது!

மாமியார் வீராயிக்கு இது கண்ணில் பட்டது.

"பொங்கலுக்கு அடிச்ச வெள்ள. செவுத்த என்னா பண்ணி வச்சிருக்க?"

"வேலைக்கி வேணும் அத்த."

"கம்பெனியில செவுறு இல்லியா? மாட்ட வேற மாப்ள பாக்க வந்தவ மாதிரி நின்னு பாக்குற."

மாமனார் கொளஞ்சியப்பன் அப்போது வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனுஷர். மருமகளிடம் நேராகப் பேசியதே இல்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு பழக்கம். அவர் வாசல் வழியாக வந்தால் கனகா தோட்டத்து வழியாகப் போய்விடுவாள். எதிரே வந்துவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கி நிற்பாள். யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த அன்றைக்கே அது தானாகப் புரிந்துவிடும்.

"மாடு ஆடுதுன்னுதான அந்தப் புள்ள செரமப்படுது" என்றார் அவர், வீராயியைப் பார்த்து. "நான் புடிச்சிக்கிறேன், பாக்கச் சொல்லு."

"பக்கத்துலதான நிக்கிறா. நீயே சொல்றதுதான?"

அவர் மூக்கணாங்கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, மருமகளுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். அதற்குப் பிறகு பல காலைகளில் அப்படி நின்றார். அந்த வீட்டில் அவளுடைய கிறுக்குக்கு அவர் ஒருத்தர்தான் எரிச்சல்படவில்லை.

மற்ற எல்லாரும் பட்டார்கள். பஸ்ஸில் கூடைக்காரி ஒருத்தியின் மடியிலிருந்த சேவலின் காலையே கனகா பார்த்துக்கொண்டு வந்தாள். செதில் எதுவரைக்கும் போகிறது, இறகு எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. கூடைக்காரி முந்தானையால் சேவலை மூடினாள். "கண்ணு போடாதம்மா. சந்தைக்கிப் போறதுக்குள்ள செத்துடப் போவுது."

புருஷன் அர்ச்சுனன் பெண்ணாடத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டினான். ஒருநாள் சாப்பிடும்போது அவனிடம் கேட்டாள். "ஏங்க, டிராக்டர் பெரிய சக்கரத்துல கட்ட கட்டையா இருக்குமே, அது எந்தப் பக்கம் சாஞ்சிருக்கும்?"

"நான் ஓட்டறவன். எண்ணையும் தண்ணியும் இருக்கான்னு பாப்பேன். சாஞ்சிருக்கா நிமுந்திருக்கான்னு எவன் பாத்தான்?"

மறுநாள் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். "உன்னால காலையிலேர்ந்து சக்கரத்தையே பாத்துக்கிட்டு ஓட்டறேன். முன்னாடி போற வண்டி சக்கரமும் கண்ணுல வந்து நிக்கிது. அம்பு மாதிரி இருக்கும், நுனி முன்னாடி பாத்துச் சுத்தும். போதுமா? இனிமே எங்கிட்ட எதுவும் கேக்காத."

கேட்கத்தான் செய்தாள். சித்திரை வருவதற்குள் அவளுக்கு மாடு வந்துவிட்டது. நின்ற மாடு, படுத்த மாடு, நுகத்தை மறுக்கிற மாடு. வெள்ளாட்டின் கண்ணில் கறுப்பு படுக்கை வாக்கில் இருக்கும் என்று தெரிந்தது. சைக்கிள் சங்கிலி எந்தப் பக்கம், பஸ்ஸின் பின்னால் ஏணி எந்தப் பக்கம், தண்ணீர்க்குடம் எடுக்கிறவள் எந்தத் தோளைத் தாழ்த்துவாள் என்றெல்லாம் கேட்டால் கண்ணை மூடாமலே சொன்னாள். ஓட்டல் சுவரில் பாதிக்கு மேல் அவள் போட்டதுதான். ராஜாங்கம் ஒவ்வொரு டைலையும் கையில் எடுத்து, காதைப் பார்த்து, காலைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார். அவரிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

அந்த ஐப்பசியில் கொளஞ்சியப்பன் இறந்துபோனார். கழனியிலிருந்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி கட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊர் கூடி அழுது, எடுத்து, காரியமும் ஆயிற்று. ஆனால் விளக்கு வைத்த இடத்தில் படம் என்று ஒன்றும் இல்லை. அவர் போட்டோவே எடுத்துக்கொண்டதில்லை.

தலைத் திவசம் நெருங்கியபோது மூத்த மகன் சாமிதுரை அந்தப் பேச்சை எடுத்தான். அவன் கெட்டியான ஆள். அப்பாவுக்குப் பிறகு வீட்டுக்குப் பெரியவன் என்கிற நினைப்பு எப்போதும் உண்டு. சம்பந்திகள் வருவார்கள், படம் இல்லாமல் எதன்மேல் மாலை போடுவது என்று கேட்டான். தேடிப் பார்த்ததில் அர்ச்சுனன் கல்யாணத்தில் எடுத்த ஒரே ஒரு கூட்டு போட்டோ அகப்பட்டது. அதில் கொளஞ்சியப்பன் இருந்தார்தான். ஆனால் அவருக்கு முன்னால், ஸ்ரீமுஷ்ணத்தில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கை பாஞ்சாலை நின்றிருந்தாள். பாஞ்சாலையின் கொண்டைக்குப் பின்னாலிருந்து ஒரு காதும் ஒரு துண்டு நுனியும் மட்டும் தெரிந்தன. டவுனிலிருந்த ஸ்டூடியோக்காரர் அதைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, காதை வேண்டுமானால் பெரிசு பண்ணித் தருகிறேன் என்றார்.

எல்லாரும் கனகாவைப் பார்த்தார்கள்.

"ஊரான் ஓட்டலுக்கெல்லாம் வரையிறியே" என்றாள் வீராயி. "உம் மாமனாருக்கு ஒன்னு வரையக் கூடாதா?"

கனகா சரி என்றாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கம்பெனியிலிருந்து கெட்டித்தாள் வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் உட்கார்ந்தாள். கரிக்குச்சியைத் தாளில் வைத்தாள்.

கை அசையவில்லை.

அவள் கண்ணை மூடினாள். கொளஞ்சியப்பன் வந்தார். வெடித்த குதிகால் வந்தது. இடது கால் கட்டைவிரல் நகம் ரெண்டாகப் பிளந்திருந்தது வந்தது. கயிற்றைப் பிடித்த கையில் நரம்பு எங்கெங்கே புடைக்கும் என்று வந்தது. முதுகெலும்பு ஓரமாக ஒரு பழைய தழும்பு. அங்கிருந்து மேலே தோளுக்கு, கழுத்துக்கு, பிடரியில் கத்தரித்த நரைமுடிக்கு வந்தாள். இனி அவர் திரும்ப வேண்டும். அவர் திரும்பவில்லை.

ஆறு வருஷம் ஒரே வீட்டில். ஒரே அடுப்பில் பொங்கிய சோறு. ஆட்டின் கண்ணுக்குள் இருக்கிற கறுப்பு வரைக்கும் தெரிந்து வைத்திருந்தவளுக்கு, மாமனாரின் கண் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அத்தனை காலை நின்றாரே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். பார்த்தால் யார் என்ன செய்திருப்பார்கள்? கனகாவுக்கு அழுகைக்குப் பதிலாக எரிச்சல்தான் வந்தது.

சரி, பார்த்தவர்களைக் கேட்போம் என்று எழுந்தாள். முதலில் வீராயியிடம் போனாள்.

"அத்த, மாமா மொகம் எப்பிடி இருக்கும்?"

"இது என்னா கேள்வி? மொகம் மாதிரிதான் இருந்திச்சி."

"இல்ல, நீட்டா, வட்டமா?"

வீராயி கை வேலையை நிறுத்தினாள். யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்குக் கோபம் ஏறியது. "இத்தினி வருசம் கூடவே கெடந்த மனுசன உக்காந்து பாத்துக்கிட்டா இருப்பாங்க? சோறு போட்டேன், சண்ட போட்டேன். நீட்டாவும் இல்ல, வட்டமாவும் இல்ல. போ."

சாமிதுரை தன் முகத்தைத் திருப்பிக் காட்டினான். "அப்பிடியே என்னத்தான் வரையேன். எல்லாரும் அப்பா சாடைன்னுதான் சொல்லுவாங்க." அர்ச்சுனனுக்கு அப்பா கோபப்பட்டுப் பல்லைக் கடிப்பது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. சின்ன வயசில் ஏரியில் குளிக்கப் போனதற்கு அடித்தபோது பார்த்தது. திவசத்துக்காக முன்கூட்டியே வந்திருந்த பாஞ்சாலை, கண்கள் கலங்க, "எங்கண்ணனுக்குச் சுருட்ட முடி, கரு கருன்னு" என்றாள். அவள் கல்யாணமாகிப் போன வருஷத்து அண்ணன் அது.

இருந்ததை எல்லாம் சேர்த்து கனகா ஒரு முகத்தைப் போட்டாள். சாமிதுரையின் தாடை, கூட்டுப் போட்டோவிலிருந்த காது, பாஞ்சாலையின் மூக்கு, சுருட்டை முடியை நரைக்க வைத்து, கொஞ்சம் கோபம். கூடத்தில் சுவரோரம் சாய்த்து வைத்தாள். எல்லாரும் வந்து நின்றார்கள்.

"யாரு இது?" என்றான் அர்ச்சுனன்.

"ரயில்வே கேட்டு மாயவன் மாதிரி இருக்குது" என்றான் சாமிதுரை.

வீராயி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "எந்த ஊரு ஆம்பளைய கொண்டாந்து நடுவூட்டுல வச்சிருக்க? எடு அந்தாண்ட."

மறுபடி போட்டாள். மீசை வேண்டும் என்றாள் பாஞ்சாலை. மீசையை எடுத்து எத்தனையோ காலமாயிற்று என்றாள் வீராயி. எடுக்கவில்லை, சின்னதாக்கிக்கொண்டார் என்றான் சாமிதுரை. மீசையைப் போட்டு, அழித்து, சின்னதாகப் போட்டு, தாளே ஓட்டையாயிற்று. நெற்றியில் மச்சம் இடது பக்கமா வலது பக்கமா என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து, அது வேறு பழைய சண்டைகளுக்குப் போய், அர்ச்சுனன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இதேதான் நடந்தது.

"கம்பெனியில என்னாத்ததான் கத்துக்கிட்டியோ" என்றான் சாமிதுரை. "கண்ணு கொஞ்சம் பெருசா இருக்கணும்னு சொல்றோம், பெருசாவும் போட்ற. அப்பவும் அப்பா மாதிரி இல்லியே."

கனகா கரிக்குச்சியைக் கீழே வைத்தாள். அவள் அதுவரை மூத்தார் சாமிதுரை எதிரில் உரக்கப் பேசியதில்லை.

"நீங்கள்லாம் வருசக் கணக்கா அவர நேருக்கு நேரா பாத்தவங்க. புருவம் சேந்திருந்திச்சா, சேரலியா? அதுகூட ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. நான் இந்த வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து தல நிமுந்து அவர பாத்ததில்ல. பாக்கக் கூடாது. பாக்காத மொகத்த நான் எங்கேர்ந்து சார் கொண்டாருவேன்?"

கோபத்தில் கம்பெனி 'சார்' வந்து விழுந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. சாமிதுரை கூரையைப் பார்த்தான். பாஞ்சாலை மூக்கைச் சிந்தினாள்.

"அப்ப நீ என்னாத்ததான் பாத்த?" என்றாள் வீராயி.

"முதுவப் பாத்தேன். காலப் பாத்தேன். கையப் பாத்தேன்."

"அப்ப அதப் போட்டுத் தொல." வீராயி எழுந்து உள்ளே போய்விட்டாள். சலிப்பில் சொன்ன வார்த்தைதான், அதில் வேறு எதுவும் இல்லை.

ஆனால் கனகா அதைப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை ராஜாங்கத்திடம் போய்ப் பெரிய டைல் ஒன்று கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்டு, அவள் சொல்லி, "முதுகையா?" என்று அவர் ரெண்டு தடவை கேட்டார். பிறகு ஓரம் லேசாக வளைந்துபோன ஒன்றைக் கழிவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் அவள் உட்கார்ந்து போட்டாள். கை ஓரிடத்திலும் நிற்கவில்லை. குதிகால், கெண்டைக்கால், தார்ப்பாய்ச்சின வேட்டி, இடது தோளில் துண்டு. வலது கை கயிற்றைச் சுருக்கிப் பிடித்திருக்கிறது. மாட்டின் தலை அவருக்கு அப்பால் பாதி தெரிகிறது. உடம்பின் பாரம் வலது காலில், இடது கால் பிளந்த நகம் தெரியப் பக்கவாட்டில் திரும்பிச் சும்மா நிற்கிறது. கழுத்து கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கிறது. திரௌபதி சோற்றுத் தூக்கோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "யாரோ கூப்புட்டும் கேக்காத மாதிரி நிக்கிறாரு" என்றாள்.

எழுதும்போது கறுப்பாக இருந்த சாயம் சூளையில் வெந்து நீலமாக வந்தது. கனகா அதைப் பழைய புடவையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு கொண்டுபோனாள்.

கூடத்தில் பிரித்து வைத்ததும் சாமிதுரை, "முதுகுக்கு எவனாவது மாலை போடுவானா? சம்பந்தி வூட்டுக்காரங்க பாத்தா என்னா சொல்லுவாங்க?" என்றான். ஆனால் யார் இது என்று அவன் கேட்கவில்லை. அர்ச்சுனனும் கேட்கவில்லை. அவன் கிட்டே போய்க் குனிந்து, பிளந்த நகத்தைப் பார்த்தான். "ஏர் முன இறங்கின வெரலு" என்றான் மெதுவாக. பாஞ்சாலை, "அண்ணன் எங்கடி போவுது?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

வீராயி கடைசியில் வந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே பார்த்தாள். நாக்கைச் 'ச்சு' என்று கொட்டினாள்.

"இந்த மனுசன் எப்பவும் இப்பிடித்தான். சோறு ஆறிப் போவுதுன்னு தொண்ட வத்தக் கூப்புடுவேன். காதுல வுழுவும். திரும்பாது. மாட்டுக்கிட்டயே நின்னுக்கிட்டு இருக்கும்." டைலைக் கையால் காட்டினாள். "இப்பக்கூடத் திரும்பல பாரு."

எடுத்த அன்றைக்கும் காரியத்தன்றைக்கும் ஊருக்காக அழுதவள், இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு தனக்காக அழுதாள். திட்டிக்கொண்டே அழுதாள். கனகா ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

திவசத்தன்று முதுகுக்குத்தான் மாலை போட்டார்கள். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், படத்தைத் திருப்பி மாட்டிவிட்டார்களோ என்று டைலின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. சாமிதுரை வந்தவர்களிடமெல்லாம், "இதான் இப்ப டவுன்ல வழக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

தொந்தரவு அதற்குப் பிறகும் விடவில்லை. கனகா செத்தவர்களை அப்படியே கொண்டுவந்து நிறுத்துகிறாள் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. எதிர்வீட்டு ராஜம்மாள் வந்து, தன் அம்மாவைப் போட்டுத் தர வேண்டும் என்றாள். கனகா அந்த அம்மாவைப் பார்த்ததே இல்லை.

"மூக்கு கொஞ்சம் எடுப்பா இருக்கும். செவப்பாவும் இருக்க மாட்டாங்க, கருப்பாவும் இருக்க மாட்டாங்க. நீ போடு, நான் பாத்துச் சொல்றேன்."

பக்கத்து மங்களூர் கிராமத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருத்தர், கிணற்றில் விழுந்துபோன தம்பிக்காக வந்தார். அவருக்கு இல்லை என்று சொல்லி அனுப்புவது கஷ்டமாக இருந்தது. அவர் போன பிறகு ராஜம்மாள் மறுபடி வந்து, எடுப்பான மூக்கைப் பற்றியே பேசினாள். கனகாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"செத்தவங்கள எங்கிட்ட கொண்டாராதீங்கக்கா. உசுரோட இருக்கறவங்கள கூட்டியாங்க. உக்கார வையுங்க. நான் இப்பவே பாத்து வச்சிக்கிறேன். அப்பறம் எப்ப வேணும்னாலும் போட்டுத் தரேன். ஒருத்தரும் பாக்காம வுட்டுட்டு, போனதுக்கப்பறம் வந்து நிக்கிறீங்க."

ராஜம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். உயிரோடு இருக்கிறவர்களை யார் கூட்டிக்கொண்டு வருவார்கள்? ஒருவரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கனகா அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தபோது வீராயி வந்தாள். தலைக்குக் குளித்து, முடியைப் படிய வாரியிருந்தாள். கூடத்தில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து மணையைப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாரு."

"என்னா அத்த?"

"பாருன்னா பாரு. நாளைக்கி நான் போயிட்டா ஆளாளுக்கு ஒன்னு சொல்லி அடிச்சிக்குவானுங்க. எம் மூக்கு இப்பிடி, எம் மூக்கு அப்பிடின்னு. சீக்கிரம். களை வெட்ட ஆளு வந்து நிக்கிது."

கனகா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். பழக்கத்தில் தலை குனிந்தது. அவளே அதை நிமிர்த்தினாள். மாமியாரின் முகத்தை இத்தனை கிட்டத்தில், இத்தனை நேரம் அவள் பார்த்ததில்லை. புருவம் சேரவில்லை. இடது இமை வலதைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. மூக்குத்தி கழற்றிய துளை இன்னும் தூரவில்லை. கன்னத்தில் வெயில் பட்ட இடம் ஒரு நிறம், முந்தானை மறைக்கிற இடம் ஒரு நிறம். வீராயி எங்கே பார்ப்பது என்று தெரியாமல், உத்திரத்தைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், கடைசியில் வேறு வழியில்லாமல் மருமகளைப் பார்த்தாள்.

கனகா முதுகைத் திருப்பிக்கொண்டு தாளில் இழுத்தாள். நெற்றி, இமை, மூக்கு வந்தன. உதட்டுக்கு வந்ததும் கை நின்றது. திரும்பினாள்.

"இன்னுமா முடியல? கழுத்து வலிக்குது எனக்கு. ஆளுங்க வேற காத்துக்கிட்டு..."

"கொஞ்சம் வாய மூடுங்க அத்த. ஒதடு தெரியல."

வாயை மூடு என்று மருமகள் சொன்னதற்கு வீராயி பேச ஆரம்பித்தாள். தன் மாமியார் காலத்திலிருந்து ஆரம்பித்தாள். அது சீக்கிரத்தில் முடிகிற மாதிரி இல்லை. கனகா கரிக்குச்சியைக் கீழே வைத்துவிட்டு, பேசுகிற அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.